தென்துருவக் கடல்களில் காட்டுயிர் காணும் கப்பல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து ஃபாக்லாந்து தீவுகள், தெற்கு ஜார்ஜியா தீவு, அண்டார்க்டிகா தீபகற்பம் ஆகிய இடங்களுக்குச் செல்லும் எக்ஸ்பெடிஷன் கப்பல்களில், பறவைகளையும் விலங்குகளையும் காண்பதற்காகவே போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எந்தப் பாதை, எந்த மாதம், எந்தக் கப்பல் ஆகிய மூன்றையும் முடிவு செய்ய வேண்டியது அந்த உயிர்களின் இனப்பெருக்கக் காலம்தான் என்பதே இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கப்பல் எங்கிருந்து புறப்படுகிறது, எந்த வழியாகச் செல்கிறது?

பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, பீகிள் கால்வாய் வழியாகத் திறந்த கடலை அடைகின்றன. அங்கிருந்து இரண்டு வகையான பாதைகள் உண்டு. முதலாவது குறுகிய பாதை: டிரேக் நீரிணையை நேராகக் கடந்து தெற்கு ஷெட்லாந்து தீவுகளையும் அண்டார்க்டிகா தீபகற்பத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புவது. இதற்குப் பத்து முதல் பன்னிரண்டு நாட்கள் ஆகும். இரண்டாவது, கிழக்கே ஃபாக்லாந்து தீவுகளுக்கும், பிறகு தெற்கு ஜார்ஜியாவுக்கும், அதன்பின் தென்மேற்கே தீபகற்பத்துக்கும் சென்று, கடைசியில் டிரேக் நீரிணை வழியாக உஷுவாயா திரும்பும் நீண்ட பாதை. இதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் தேவைப்படும்.

இவை தவிர, நியூசிலாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டிலிருந்தோ புறப்பட்டு ஆக்லாந்து தீவுகள், கேம்ப்பெல் தீவு, மக்குவாரி தீவு ஆகியவற்றைத் தொட்டு ராஸ் கடல் வரை செல்லும் பயணங்களும் உள்ளன. மக்குவாரி தீவிலும் அதை ஒட்டிய சிறு தீவுகளிலும் மட்டுமே கூடு கட்டும் ராயல் பென்குயினைக் காண அந்த வழியைத் தவிர வேறு வழியில்லை. கடலில் கழியும் நாட்கள் அதில் மிக அதிகம் என்பதால் இந்தக் கேள்வி-பதில் தென் அமெரிக்கப் பாதையோடு நின்றுகொள்கிறது.

தீபகற்பம் மட்டும் போதாதா? தெற்கு ஜார்ஜியாவுக்காகக் கூடுதல் நாட்களும் பணமும் செலவழிக்க வேண்டுமா?

பனிமலைகளையும் பனியாறுகளையும் மிதக்கும் பனிப்பாறைகளையும் காண்பதுதான் முதன்மை நோக்கம் என்றால் தீபகற்பம் மட்டுமே போதும். உயிரினங்களைக் காண்பதுதான் நோக்கம் என்றால், தெற்கு ஜார்ஜியா இல்லாத பயணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அதற்காக இன்னும் ஓரிரு ஆண்டுகள் பணம் சேர்க்க வேண்டியிருந்தாலும் காத்திருப்பது நல்லது.

காரணம் கடலின் அமைப்பில் இருக்கிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றி வரும் குளிர்ந்த நீர், வடக்கேயுள்ள வெதுவெதுப்பான நீரைச் சந்திக்கும் எல்லையைத் துருவ முனைக்கோடு என்பார்கள். அதைக் கடக்கும்போது கடல்நீரின் வெப்பநிலை சிறிது தூரத்திலேயே இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். பல சமயம் மூடுபனியும் சூழும். தெற்கு ஜார்ஜியா அந்த எல்லைக்குத் தெற்கே, கிரில் நிறைந்த கடலின் நடுவில், சுமார் 170 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. கிரில் என்பது நம் கடற்கரைகளில் கிடைக்கும் கூனி இறாலைப் போன்ற சிறிய உயிர். பென்குயின், சீல், திமிங்கலம் என அங்குள்ள பெரும்பாலான உயிர்களின் உணவு நேராகவோ சுற்றியோ அதைத்தான் சார்ந்திருக்கிறது. உணவு அருகிலேயே கிடைக்கிறது, பனி உறையாத கடற்கரைகளும் இருக்கின்றன, ஆனால் பல நூறு கிலோமீட்டர் சுற்றளவில் வேறு பெரிய நிலம் இல்லை. ஆகவே அந்தப் பரந்த கடலில் வாழ்பவையெல்லாம் குஞ்சு பொரிக்கவும் குட்டி போடவும் இந்த ஒரே தீவுக்கு வந்து சேர்கின்றன.

அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் மட்டும் கிங் பென்குயின்கள் சுமார் 1,50,000 இணைகள் கூடுகின்றன. கரையில் இறங்கி ஒரு மேட்டில் ஏறினால், பனியாற்றின் அடிவாரம் வரை நிற்கும் பறவைகள் கண்ணில் படும். அவற்றின் இடையே திட்டுத்திட்டாகத் தெரியும் பழுப்பு நிறம், அடர்ந்த தூவி போர்த்திய குஞ்சுகள். கிங் பென்குயின் கூடு கட்டுவதில்லை; இடும் ஒரே முட்டையைக் காலின் மேல் வைத்து வயிற்றுத் தோலால் மூடி ஏறக்குறைய 54 நாட்கள் அடைகாக்கும். ஒரு குஞ்சை வளர்த்து முடிக்க ஓராண்டுக்கும் மேல் ஆவதால், எந்த மாதத்தில் போனாலும் முட்டையோ குஞ்சோ இரண்டுமோ கண்ணில் படும். இந்தப் பாதையில் வேறு எந்தப் பென்குயின் இனத்திடமும் இந்த வசதி பயணிக்குக் கிடைக்காது.

எந்த மாதத்தில் போகலாம்?

பருவம் அக்டோபர் இறுதியில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எதைக் காண ஆசைப்படுகிறீர்கள் என்பதைச் சொன்னால் மாதத்தைச் சொல்லலாம்.

அக்டோபர் இறுதியும் நவம்பரும் யானை சீல்களின் காலம். நான்கு டன் வரை எடையுள்ள ஆண்கள், பெண்கள் கூட்டத்தைக் கைப்பற்றுவதற்காகத் தெற்கு ஜார்ஜியாவின் கடற்கரைகளில் மார்போடு மார்பு மோதிச் சண்டையிடுவது அக்டோபரில் உச்சத்தில் இருக்கும். நவம்பரில், மூன்று வாரப் பாலுக்குப் பிறகு தாய் விட்டுச்சென்ற குட்டிகள் கொழுத்து உருண்டு கரையெங்கும் கிடக்கும். தீபகற்பத்தில் அப்போது பனி புதிதாக, மாசில்லாமல் இருக்கும். பென்குயின்கள் இணை சேர்ந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக் கூடு கட்டிக்கொண்டிருக்கும். லெமேர் கால்வாய் போன்ற குறுகிய வழிகள் கடற்பனியால் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் முடிய, தெற்கு ஜார்ஜியாவின் பல கடற்கரைகளை ஃபர் சீல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வோர் ஆணும் தன் எல்லைக்குள் வருபவர் எவரானாலும் பாய்ந்து கடிக்கக்கூடியது என்பதால், சில இடங்களில் இறங்கவே முடியாமல் போகும். அலைந்து திரியும் அல்பட்ராஸ் (wandering albatross) என்ற பெரிய கடற்பறவை கூடு கட்டும் பிரையன் தீவு, ஃபர் சீல்களின் இனப்பெருக்கத்துக்காக நவம்பர் 20 முதல் ஜனவரி 7 வரை மூடப்படுகிறது. அந்தப் பறவையைக் கூட்டில் காண்பதே உங்கள் ஆசை என்றால், பதிவு செய்வதற்கு முன் இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரக் கையேடுகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி வரை ஜென்டூ, சின்ஸ்டிராப், அடேலி ஆகிய மூன்று பென்குயின்களின் குஞ்சுகளும் பொரிகின்றன. பெற்றோரின் வயிற்றுக்கடியிலிருந்து சாம்பல் நிறத் தலைகள் எட்டிப் பார்க்கும் நாட்கள் அவை. பகல் இருபது மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். பயணிகளும் அதிகமாக வருவது இப்போதுதான். கட்டணமும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும்.

பிப்ரவரியும் மார்ச்சும் திமிங்கலங்களுக்கு உரியவை. வெப்பக் கடல்களில் குட்டி ஈன்று திரும்பிய ஹம்ப்பேக் திமிங்கலங்கள் ஜெர்லாஷ் நீரிணையிலும் வில்ஹெல்மினா விரிகுடாவிலும் கிரிலைத் தின்று கொழுக்கும் காலம் இது. குஞ்சுகள் வளர்ந்து, உணவுக்காகப் பெற்றோரைத் துரத்திக்கொண்டு ஓடும். பனி உருகிச் சேறும் எச்சமும் கலந்து கரை அழுக்காக இருக்கும். அடேலி பென்குயின்கள் பிப்ரவரி நடுவிலேயே கடலுக்குப் புறப்படத் தொடங்கிவிடும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவருக்கு ஒரு மாதத்தைச் சொல்லியே ஆக வேண்டுமானால், நீண்ட பாதைக்கு நவம்பரின் முதல் பாதியையும் குறுகிய பாதைக்குப் பிப்ரவரியையும் சொல்வேன்.

எம்பரர் பென்குயினைப் பார்க்க முடியுமா?

வழக்கமான பாதைகளில் பெரும்பாலும் முடியாது. அது குளிர்காலத்தில் கடற்பனியின் மேல் குஞ்சு பொரிக்கும் பறவை. வெட்டல் கடலிலுள்ள ஸ்னோ ஹில் தீவின் குடியிருப்புக்கு ஹெலிகாப்டர் கொண்ட பனியுடைப்புக் கப்பல்கள் சில பருவங்களில் செல்கின்றன. வானிலை ஒத்துழைக்காமல் அவையும் திரும்பி வந்ததுண்டு. மற்றக் கப்பல்களில், தனியாக ஒரு பறவை பனித்திட்டின் மேல் நிற்பதைக் காண நேர்ந்தால் அதைப் பெரும் பேறாகக் கொள்ளலாம்.

பனிக்கரடிகள் இருக்குமா?

இல்லை. பனிக்கரடி வடதுருவத்துக்கு மட்டுமே உரியது. தென்துருவத்தின் கரைகளில் நிலத்தில் வேட்டையாடும் பாலூட்டி எதுவும் இல்லை. பென்குயின்கள் நிலத்தில் மனிதரைக் கண்டு ஓடாமல் நிற்பதற்கு இதுவே காரணம். அவற்றின் எதிரி நீரில் சிறுத்தை சீலாகவும் வானில் ஸ்குவா என்னும் வேட்டைக் கடற்பறவையாகவும் வருகிறது.

ஃபாக்லாந்து தீவுகளில் என்ன இருக்கிறது?

இவை பிரிட்டனின் ஆட்சியில் உள்ளவை. அர்ஜென்டினாவும் உரிமை கோருகிறது. உலகிலுள்ள கரும்புருவ அல்பட்ராஸ்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன. வெஸ்ட் பாயின்ட், சாண்டர்ஸ் போன்ற தீவுகளில், உயர்ந்த டஸ்ஸக் புல்லின் நடுவே, சேற்றைக் குழைத்துக் கட்டிய தூண் போன்ற கூடுகளில் அல்பட்ராஸ்கள் அமர்ந்திருக்க, அவற்றின் இடையிலேயே ராக்ஹாப்பர் பென்குயின்கள் குடியிருக்கும். பயணத்தின் தொடக்கத்திலேயே வருவதால் பலர் இந்தத் தீவுகளை ஒரு முன்னுரையாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அல்பட்ராஸ் இணைகள் ஒன்றுக்கொன்று அலகு தட்டி வணங்கிக்கொள்வதை இவ்வளவு அருகில், இவ்வளவு அமைதியாக நின்று பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே.

டிரேக் நீரிணை அவ்வளவு கொந்தளிப்பானதா?

ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் இடையில் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் அகலமுள்ள இந்த நீரிணையின் அகலாங்கில், உலகைச் சுற்றி எங்கும் நிலம் குறுக்கிடுவதில்லை. காற்றும் நீரோட்டமும் தடையின்றிச் சுற்றி வந்து இந்த இடைவெளியில் நெருக்கப்படுகின்றன. சில நாள் அது ஏரியைப் போல அமைதியாக இருக்கும். சில நாள் அலைகள் கப்பலின் மேல்தளம் வரை தெறிக்கும். கடக்க ஏறக்குறைய இரண்டு நாட்கள் ஆகும். எப்படி இருக்கும் என்று புறப்படும் வாரத்துக்கு முன் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடல்நோய்க்கான மருந்தைத் தலைசுற்றல் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு மாத்திரை வயிற்றில் தங்குவதே கடினம். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டைகள் பலருக்கு உதவுகின்றன. ஆனால் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் முதியவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும். அவற்றின் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் சென்று அங்கே கப்பலேறும் வழியும் உண்டு. கடலுக்கு அஞ்சுபவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் மூடுபனியால் விமானம் தாமதமாகலாம், கடற்பறவைகளைக் காணும் இரண்டு நாட்களும் கைவிட்டுப் போகும்.

கடலிலேயே கழியும் நாட்கள் சலிப்பூட்டாதா?

நீண்ட பாதையில் மூன்றில் ஒரு பங்கு நாட்களாவது நிலமே தெரியாமல் கழியும். அந்த நாட்களை வீண் என்று கருதுபவர், இந்தக் கடல்களின் ஆகச் சிறந்த உயிர்களில் ஒன்றைத் தவறவிடுவார். அலைந்து திரியும் அல்பட்ராஸின் விரிந்த இறக்கை மூன்றரை மீட்டர் வரை நீளும். இன்று வாழும் பறவைகளில் இதைவிட நீண்ட இறக்கை வேறு எதற்கும் இல்லை. அது கப்பலின் பின்னால் மணிக்கணக்கில் இறக்கையை அசைக்காமலேயே வரும். அலையின் மேற்புறத்தில் காற்று வேகமாகவும் நீர்ப்பரப்பை ஒட்டி மெதுவாகவும் வீசுவதால், அந்த வேறுபாட்டுக்குள் ஏறியும் இறங்கியும் பறவை தனக்கான வேகத்தைப் பெற்றுக்கொள்கிறது. காற்று பலமாக வீசும் நாளில்தான் இதை நன்றாகப் பார்க்க முடியும்.

பின்தளத்தில், காற்றுக்கு மறைவான ஒரு மூலையில், தொலைநோக்கியுடன் நில்லுங்கள். முதல் நாளில் எல்லாப் பறவைகளும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றாம் நாளில் கேப் பெட்ரல், ராட்சத பெட்ரல், பிரையன் ஆகியவற்றைப் பறக்கும் விதத்தைக் கொண்டே வேறுபடுத்திச் சொல்லத் தொடங்குவீர்கள். எட்டுமடங்கு பெருக்கும் தொலைநோக்கி போதும். அதைவிட அதிகமானது ஆடும் தளத்தில் நிலைகொள்ளாது.

கப்பலின் அளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். அண்டார்க்டிகாவில் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது உடன் இருக்க வேண்டும். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து எவரையும் இறக்கவே கூடாது. இவை 1991-இல் தொடங்கப்பட்ட அண்டார்க்டிகா சுற்றுலா நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டோ கடைப்பிடித்து வந்த விதிகள். அண்டார்க்டிகா ஒப்பந்த நாடுகளும் 2009-இல் இவற்றை ஏற்றுக்கொண்டன.

இந்த 100 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் உள்ள கப்பலில் அனைவரும் ஒன்றாக இறங்கி மூன்று மணி நேரம் கரையில் இருக்கலாம். 200 பேர் என்றால் இரண்டு குழு. ஒரு குழு கரையில் இருக்கும்போது மற்றொன்று படகில் சுற்றி வரும். 400 பேர் என்றால் உங்களுக்குக் கரையில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு, வசதிகள் அதிகம். ஆனால் ஒரு பென்குயின் குடியிருப்பின் ஓரத்தில் அசையாமல் நின்று, அங்கே நடப்பது என்ன என்று புரிந்துகொள்வதற்கே அரை மணி நேரம் ஆகிவிடும். அறையின் அழகைப் பார்ப்பதற்கு முன் பயணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்; வழிகாட்டிகளில் எத்தனை பேர் பறவையியலும் கடலுயிரியலும் கற்றவர்கள் என்றும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

கரைக்கு எப்படி இறங்குவது? வயதானவர்களால் முடியுமா?

துறைமேடைகள் இல்லை. ஏறக்குறைய பத்துப் பேர் அமரக்கூடிய சோடியாக் என்னும் காற்றடைத்த ரப்பர் படகில் கரையை நெருங்கி, முழங்கால் அளவு நீரில் இறங்கி நடக்க வேண்டும். கப்பலிலிருந்து படகில் கால் வைக்கும் கணம்தான் கவனம் மிகவும் தேவைப்படுவது: இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும், படகோட்டியின் கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ள வேண்டும், அலை படகை உயர்த்தும்போது அடி எடுத்து வைக்க வேண்டும். படிக்கட்டில் துணையின்றி ஏறி இறங்கவும், வழுக்கும் கற்களில் ஊன்றுகோலுடன் நடக்கவும் முடிந்தால் வயது தடையில்லை. எழுபது வயதைக் கடந்த பயணிகள் எல்லாக் கப்பல்களிலும் இருக்கிறார்கள்.

விலங்குகளை எவ்வளவு நெருங்கலாம்?

பொதுவாக ஐந்து மீட்டர். ஃபர் சீல்களிடம் பதினைந்து மீட்டர். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு சில இடங்களில் இந்தத் தூரம் கூட்டப்பட்டுள்ளதால், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் வழிகாட்டி சொல்வதே இறுதியானது. ஆனால் இந்த எண்களைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும். நீங்கள் பத்து மீட்டர் தொலைவில் நிற்கும்போதே அடைகாக்கும் பறவை தலையைத் திருப்பி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அது எழுந்து நின்றால் முட்டை குளிரும். ஸ்குவா அந்தக் கணத்துக்காகவே காத்திருக்கிறது.

பனியில் பென்குயின்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பள்ளமான தடங்களைக் காண்பீர்கள். குடியிருப்புக்கும் கடலுக்கும் இடையே குஞ்சுக்கு உணவு கொண்டு போகும் வழி அது. அதில் நிற்கக் கூடாது. கடக்கும்போதும் பறவைகளுக்கு வழிவிட்டே கடக்க வேண்டும். உங்கள் பூட்ஸ் பனியில் ஆழமாகப் பதிந்து பள்ளம் விழுந்தால் அதை மூடிவிட்டு நகர வேண்டும், ஏனென்றால் அதில் விழும் பென்குயினால் ஏறி வர முடியாமல் போகலாம்.

நெருங்கிப் போகாமலேயே நெருக்கமாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓரிடத்தில் அசையாமல், பேசாமல் நில்லுங்கள். சற்று நேரத்தில் அங்கிருக்கும் உயிர்கள் உங்களைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும். ஆர்வம் மிகுந்த இளம் கிங் பென்குயின் ஒன்று தானாகவே உங்களை நோக்கி நடந்தும் வரலாம். தொடக் கூடாது; பின்வாங்க இடமிருந்தால் மெல்லப் பின்வாங்குங்கள். இடம்விட்டு இடம் ஓடிப் படமெடுப்பவர்களைவிட, ஒரே கல்லின் அருகில் நின்றவர்களே அதிகம் பார்த்துத் திரும்புகிறார்கள்.

துணிகளையும் காலணிகளையும் சுத்தம் செய்வதில் ஏன் இத்தனை கண்டிப்பு?

தெற்கு ஜார்ஜியாவில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி எழாது. சீல் வேட்டைக்காரர்களும் திமிங்கல வேட்டைக்காரர்களும் வந்த கப்பல்களில் எலிகளும் வந்தன. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அவை தின்றன. அந்தத் தீவில் மட்டுமே வாழும் ஒரே பாடும் பறவையான தெற்கு ஜார்ஜியா பிப்பிட், எலிகள் எட்டாத சிறு தீவுகளிலும் ஓரங்களிலும் ஒதுங்கியது. தெற்கு ஜார்ஜியா பாரம்பரிய அறக்கட்டளை 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டர்களில் இருந்து நச்சு உணவைத் தூவி எலிகளை ஒழிக்க முனைந்தது. 2018-இல் தீவு எலியற்றது என்று அறிவிக்கப்பட்டது. இன்று கடற்கரைப் புல்வெளிகளில் அந்தச் சின்னப் பறவையின் பாட்டைக் கேட்க முடிகிறது. உலகின் காட்டுயிர்ப் பாதுகாப்பு வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் குறைவு. அதை ஒரு பயணியின் பையில் ஒளிந்த எலியோ சாக்ஸில் ஒட்டிய விதையோ குலைத்துவிடக் கூடாது.

ஆகவே கரையிறங்குவதற்கு முன் பைகளின் மடிப்புகள், வெல்க்ரோ பட்டைகள், பூட்ஸின் அடிப்பள்ளங்கள் ஆகியவற்றிலிருந்து விதைகளையும் மண்ணையும் ஊசியாலும் தூரிகையாலும் எடுக்க வேண்டும். தீவின் அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள்.

2023 அக்டோபரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியாவில் ஸ்குவாக்களிடம் உறுதி செய்யப்பட்டது. 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா நிலப்பகுதியிலும் கண்டறியப்பட்டது. தெற்கு ஜார்ஜியாவின் யானை சீல்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன. அதன்பிறகு கரையில் உட்காரவோ, முழங்காலிடவோ, பையைத் தரையில் வைக்கவோ அனுமதியில்லை. கப்பலேறும்போது பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். நோய் அறிகுறி தெரிந்தால் அந்த இடம் மூடப்படும். ஆசைப்பட்ட கடற்கரை அப்படி மூடப்படுவதைக் கண்டு வருந்துவது இயல்பே. வழிகாட்டியிடம் கோபப்படுவது முறையல்ல.

தெற்கு ஜார்ஜியாவை ஒட்டி நிற்கும் இரவுகளில் ஜன்னல் திரைகளை முழுவதும் மூடச் சொல்வார்கள். வெளிச்சத்தால் ஈர்க்கப்பட்டு, இரவில் பறக்கும் பெட்ரல்கள் கப்பலில் மோதி விழுவதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

என்ன உடை வேண்டும்?

தீபகற்பத்தின் கோடையில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலும் கீழுமாக இருக்கும். குளிரைவிடக் காற்றும் ஈரமும்தான் சோதிப்பவை. கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு சூடான அடுக்கு, வெளியே நீர்புகாத மேலங்கியும் நீர்புகாத கால்சட்டையும் போதும். மேலங்கியையும் ரப்பர் பூட்ஸையும் பல கப்பல்களில் அவர்களே தருவார்கள், கால்சட்டையை மறந்துவிடாதீர்கள். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று கட்டாயம் நனையும். பனியில் பட்டு எதிரொளிக்கும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் தேவை.

படம் எடுக்க டிரோன் கொண்டு போகலாமா?

கூடாது. ஐயாட்டோ உறுப்பினர்களின் கப்பல்களில், கடலோரப் பகுதிகளில் பொழுதுபோக்குக்காக டிரோன் பறக்கவிடத் தடை உள்ளது. கேமராவைப் பொறுத்தவரை, குளிரில் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் உதிரி பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்ன இடங்களுக்கெல்லாம் கப்பல் போகுமா?

உறுதியில்லை, உறுதி தரும் நிறுவனத்தை நம்பவும் வேண்டாம். காற்று திசை மாறினால் ஒரு விரிகுடாவில் நங்கூரமிட முடியாது. பனி நகர்ந்து வந்தால் ஒரு கால்வாய் மூடிக்கொள்ளும். கப்பல் தலைவரும் பயணத் தலைவரும் ஒவ்வோர் இரவும் வானிலையைப் பார்த்து மறுநாளின் திட்டத்தை மாற்றியமைப்பார்கள். டிசெப்ஷன் தீவில், இடிந்த எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து உருவான இயற்கைத் துறைமுகத்துக்குள் நுழையும் வழி மிகக் குறுகியது. பலமான காற்றில் கப்பல்கள் உள்ளே போகாமல் திரும்பிவிடும். கட்டாயம் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் என ஒரு பட்டியலோடு வருபவர் ஏமாறுவார். கொலைகாரத் திமிங்கலங்கள் குறுக்கே வந்தால் கப்பல் திட்டத்தை விட்டுவிட்டு அவற்றோடு நிற்கும், அதற்கும் இதே நெகிழ்வுதான் காரணம்.

பாதுகாப்பும் மருத்துவமும் எப்படி?

கப்பலில் மருத்துவர் ஒருவர் இருப்பார். அறுவை சிகிச்சை வசதி இருக்காது. தெற்கு ஜார்ஜியாவில் விமானத் தளமே இல்லை. அங்கே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் கப்பல் நாட்கணக்கில் பயணித்துத்தான் மருத்துவமனையை அடைய முடியும். ஆகவே அவசர வெளியேற்றத்துக்கான காப்பீட்டை நிறுவனங்கள் கட்டாயமாகக் கேட்கின்றன. பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.

2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற பயணக் கப்பல் தெற்கு ஷெட்லாந்து தீவுகளின் அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் சில மணி நேரம் கழித்து, வேறொரு கப்பலால் காப்பாற்றப்பட்டார்கள். 2011-இல் கனரக எண்ணெயை இக்கடல்களில் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் தடை வந்தது. 2017 முதல் துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்குத் தனி விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளது.

நாம் அங்கே போவதே அந்த இடத்துக்குக் கேடு இல்லையா?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. 2022–23 பருவத்தில் அண்டார்க்டிகாவுக்குச் சென்ற சுற்றுலாப் பயணிகள் 1 லட்சத்தைத் தாண்டினார்கள். நீண்ட விமானப் பயணமும் கப்பலின் எரிபொருளும் சேர்ந்து ஒவ்வொருவர் பெயரிலும் பெரிய அளவில் கரிப்புகையை வெளியிடுகின்றன. தீபகற்பத்தில் வெப்பம் கூடக்கூட, கடற்பனியை நம்பி வாழும் அடேலி பென்குயின்கள் குறைந்துகொண்டே வர, ஜென்டூக்கள் தெற்கு நோக்கிப் பரவிக்கொண்டிருக்கின்றன. இதில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

மறுபக்கமும் உண்மையே. தெற்கு ஜார்ஜியாவின் க்ரூட்விகன் திமிங்கல வேட்டை நிலையம் 1904-இல் தொடங்கியதிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை அந்தத் தீவில் 1,75,000-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் வெட்டப்பட்டன. துருப்பிடித்த கொதிகலன்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அவற்றின் நடுவே ஃபர் சீல்கள் படுத்துறங்குகின்றன. அந்தச் சீல்களும் ஒரு காலத்தில் தோலுக்காக ஏறக்குறைய அழிக்கப்பட்டவை, இன்று லட்சக்கணக்கில் பெருகியுள்ளன. ஹம்ப்பேக்குகள் திரும்பிவிட்டன, நீலத் திமிங்கலங்களும் மீண்டும் காணப்படுகின்றன. வேட்டை நின்றதால் வந்த மாற்றம் இது. எலி ஒழிப்புக்கான பணத்தில் ஒரு பகுதியும் அங்கே சென்று வந்த பயணிகள் கொடுத்ததுதான்.

இரண்டையும் எடை போட்டு, போகாமலிருப்பது என்று முடிவு செய்பவரை மதிக்கிறேன். போவதென்றால் ஒரு முறை, நீண்ட பயணமாக, சிறிய கப்பலில், ஐயாட்டோ உறுப்பினராக உள்ள நிறுவனத்துடன் போவதே தக்கது. திமிங்கலங்கள் மிகும் நீர்ப்பகுதிகளில் வேகத்தை மணிக்குப் பத்து கடல்மைலாகக் குறைக்கும் விதியை அந்த நிறுவனம் எப்படிக் கடைப்பிடிக்கிறது என்றும் கேட்டறியுங்கள்.

பயணத்தின்போது நாமும் ஏதேனும் உதவ முடியுமா?

முடியும். ஹம்ப்பேக் திமிங்கலத்தின் வால் துடுப்பின் அடிப்புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியானவை. அது மூழ்கும்போது வால் உயரும் கணத்தில் எடுத்த தெளிவான படத்தை, தேதி, இடம் ஆகியவற்றோடு ஹேப்பிவேல் என்ற தளத்தில் பதிவேற்றினால், அதே திமிங்கலத்தை வேறு எங்கே எப்போது பார்த்தார்கள் என்பதோடு அவர்கள் பொருத்திப் பார்ப்பார்கள். பல கப்பல்களில் கடற்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. அதில் சேர முன் அனுபவம் தேவையில்லை, தளத்தில் குளிரில் நிற்கும் பொறுமை இருந்தால் போதும். கப்பலேறிய முதல் நாளிலேயே வழிகாட்டிக் குழுவிடம் பெயரைக் கொடுத்துவையுங்கள், ஏனென்றால் கணக்கெடுப்பு முதல் கடல் நாளன்றே தொடங்கிவிடும்.